கோடை வகுப்பும் இரண்டு நடைச் சுமையும்

(நமது சங்கத்தின் குடும்பச் சந்திப்பில், கல்லூரி மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்குமான அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



நம் காரியதரிசி என்னிடம், "கல்வியைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கோ" என்றார். கல்வி பெரிய விஷயம். இருபது நிமிஷத்தில் அதைப் பற்றிப் பேசினால் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. ஆகவே அதில் ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் பாடச் சுமை தாங்காமல் தவிக்கும் பிள்ளைகள், ஒரு பாடத்தைப் பிரித்து எடுத்துக் கோடை விடுமுறையில் படித்து முடிக்கலாமா, கூடாதா என்பது. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. அனுபவம் என்பதைவிட, நான் செய்த ஒரு தவறு உண்டு என்று சொல்வதுதான் சரி.

தவறு என் பெண் வயிற்றுப் பேரன் விஷயத்தில். இங்கே பேசப் போகிறேன் என்று அவனிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டேன். "என் பேரையும் காலேஜ் பேரையும் சொல்லாம எதை வேணாலும் சொல்லிக்கோங்கோ தாத்தா" என்றான். அப்படியே செய்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்கதை. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தது 1967 முதல் 1970 வரை. அப்போது செமஸ்டர் கிடையாது. வருஷம் பூராவும் படித்ததை ஏப்ரலில் ஒரே மூச்சில் எழுத வேண்டும். அதில் போனால் செப்டம்பர் பரீட்சை. எங்கள் தெருவில் ஒரு பையன் பி.யு.சி.யில் ஒரு பேப்பரை விட்டுவிட்டு செப்டம்பரில் எழுதிப் பாஸ் செய்தான். அதிலிருந்து அவனுக்கு 'செப்டம்பர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் அவர் ஒரு வங்கியில் மேலாளராகி ஓய்வு பெற்றார். ஆனாலும் அறுபதாம் கல்யாணத்துக்குப் போனபோதுகூட, பந்தியில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் "நம்ம செப்டம்பர்" என்று பேசிக்கொண்டதை நான் கேட்டேன். விடுமுறையில் படிப்பவன் தோற்றவன் என்ற எண்ணம் என் மனதில் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், அந்தத் தெருவில் இருந்துதான் வந்தது.

பேரன் 2022இல் மின்பொறியியலில் சேர்ந்தான். முதல் செமஸ்டர் நன்றாகவே போயிற்று. இரண்டாவது செமஸ்டரில், 2023 மார்ச்சில், ஹாஸ்டலிலேயே அம்மை போட்டது. இரண்டரை வாரம் வீட்டில் கிடந்தான். திரும்பிப் போனபோது கணக்கு-2 பாடம் எங்கேயோ போய்விட்டிருந்தது. மற்றவற்றைச் சமாளித்தான். கணக்கு-2 போய்விட்டது.

அந்தக் கல்லூரியில் கோடைப் பருவம் என்று ஒன்று உண்டு. மே மாதக் கடைசியில் தொடங்கி எட்டு வாரம். கணக்கு-2 அதில் நடத்துகிறார்கள், பணம் கட்டிச் சேரலாம் என்று பையன் போனில் சொன்னான். அதே வைகாசியில்தான் என் பிள்ளை வயிற்றுப் பேரனுக்குப் பூணூல். ஹால், சாஸ்திரிகள், சமையல் எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது. அவன் வராவிட்டால் நாலு பேர் காரணம் கேட்பார்கள். ஃபெயிலாகிக் கோடையில் படிக்கிறான் என்று சொல்ல வேண்டி வரும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு பேப்பர்தானே, அடுத்த வருஷப் பாடத்தோட சேர்த்துப் பார்த்துக்கலாம், டிக்கெட் போட்டாச்சு, வா" என்றேன். மாப்பிள்ளைக்குக் கோடை வகுப்பில் சேர்க்கலாம் என்றுதான் எண்ணம். மாமனார் சொல்கிறாரே என்று பேசாமல் இருந்துவிட்டார்.

பூணூல் விமரிசையாக நடந்தது. பேரன் ஓடியாடிப் பரிமாறினான். எனக்குப் பெருமையாக இருந்தது.

இனி என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கணக்கை நான் 2023 மே மாதத்தில் ஒரு காகிதத்தில் போட்டிருந்தால் இந்தப் பேச்சே தேவைப்பட்டிருக்காது.

இப்போதெல்லாம் பாடங்களைக் கிரெடிட் என்ற அளவில் எடை போடுகிறார்கள். 2022 டிசம்பரில் யு.ஜி.சி. வெளியிட்ட இளநிலைப் பட்டக் கட்டமைப்பின்படி, 15 மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட். ஆய்வுக்கூடமானால் 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். மூன்று வருஷப் பட்டத்துக்கு 120, நான்கு வருஷப் பட்டத்துக்கு 160. பொறியியலிலும் ஏ.ஐ.சி.டி.இ. 2018இல் மாதிரிப் பாடத்திட்டம் கொண்டு வந்து, 220 வரை இருந்த சுமையை 160க்கு இறக்கியது. 160ஐ எட்டால் வகுத்தால் செமஸ்டருக்கு 20. ஆனால் முதல் மூன்று வருஷம் கனமாகவும் கடைசி வருஷம் லேசாகவும் இருக்கும்படி அமைப்பதுதான் பல இடங்களில் வழக்கம். என் பேரனுக்கு நான்காவது செமஸ்டரில் 22.

அந்த 22இல் 3 கிரெடிட் ஆய்வுக்கூடம். அதாவது வாரத்துக்கு 19 மணி வகுப்பு, 6 மணி ஆய்வுக்கூடம், ஆக 25 மணி. வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வெளியே ஒன்றரை மணி நேரமாவது படிக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அது 28½ மணி. மொத்தம் 53½. ரெகார்டு நோட்டு எழுதுவது இதில் சேராது. இதன் தலையில் 4 கிரெடிட் கணக்கு-2ஐ ஏற்றினால் வகுப்பு 4, படிப்பு 6, ஆக இன்னும் 10 மணி. வாரத்துக்கு 63½ மணி. நான் முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் குப்பை கொட்டியிருக்கிறேன். பட்ஜெட் சமயம் தவிர 63 மணி நேரம் ஆபீஸில் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. அப்போதும் அது மூன்று வாரம்தான். இவனுக்குப் பதினைந்து வாரம்.

அதே கணக்கு-2ஐக் கோடையில் படித்திருந்தால்? வகுப்பு 60 மணி, படிப்பு 90 மணி, மொத்தம் அதே 150 மணி. எட்டு வாரத்தில் வகுத்தால் வாரத்துக்குச் சுமார் 19 மணி. செமஸ்டரில் வாரம் 10 மணி என்பது கோடையில் 19 மணி ஆகிறது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் அந்த 19க்கு மேல் வேறு எதுவும் இல்லை. மத்தியானம் தூங்கலாம், சாயங்காலம் விளையாடலாம். ஃபிஸிக்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், வேலை வேறு, அதைச் செய்யும் வேகம் வேறு. ஐம்பது கிலோ அரிசியை மூன்றாம் மாடிக்குக் கொண்டு போக வேண்டும். ஒரே நடையில் தூக்கினாலும் இருபத்தைந்து இருபத்தைந்தாக இரண்டு நடையில் தூக்கினாலும் மேலே போய்ச் சேருவது ஐம்பது கிலோதான். முதுகுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

இதிலே இன்னொரு சிக்கல் எனக்கு அப்போது தெரியவே தெரியாது. எங்கள் காலத்தில் ஒரு பேப்பர் போனால் அந்த ஒரு பேப்பர்தான் போயிற்று. இப்போது பாடங்கள் சங்கிலி மாதிரி. கணக்கு-2 முடித்தால்தான் மூன்றாவது செமஸ்டரில் 'சிக்னல்ஸ்' என்ற பாடத்தில் உட்கார விடுவார்கள். அதை முடித்தால்தான் தொலைத்தொடர்புப் பாடம். தவிர, கணக்கு-2 ஜனவரியில் தொடங்கும் செமஸ்டரில் மட்டுமே நடக்கும். ஜூலையில் கிடையாது. ஆகவே கோடையை விட்டதும் கணக்கு-2 நான்காவது செமஸ்டருக்குத் தள்ளிப் போயிற்று. சிக்னல்ஸ் ஐந்தாவதுக்குப் போயிற்று. மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையாக நகர்ந்தது. "ஒரு பேப்பர்தானே" என்று நான் சொன்னதன் லட்சணம் இது.

2024 பிப்ரவரி கடைசி. எங்கள் பேரன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணிக்குப் பாட்டியிடம் போனில் பேசுவான். என்ன சாப்பிட்டான், என்ன கறிகாய் என்று கால் மணி நேரம் போகும். ஒரு ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நாங்கள் அழைத்தால் "படிச்சிண்டிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்பான். மூன்றாவது ஞாயிறு அவனோடு அறையில் இருக்கும் பையன் எங்கள் பெண்ணை அழைத்தான். மராத்திக்காரப் பையன், நல்ல குணம். "ஆன்ட்டி, இவன் பத்து நாளாக வகுப்புக்கு வருவதில்லை, மெஸ்ஸுக்கும் சரியாகப் போவதில்லை, யாராவது வந்தால் நல்லது" என்றான். மாப்பிள்ளை வெளிநாட்டில் ஆபீஸ் வேலையாக இருந்தார். நான்தான் அன்று ராத்திரி ரயில் ஏறினேன்.

அறைக்குள் போனபோது காலை பத்து மணி. ஜன்னலை மூடிப் போட்டிருந்தான். மேஜை மேல் எழுதாத ரெகார்டு நோட்டுகள் ஒரு முழ உயரம். பையன் இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நமஸ்காரம் பண்ண வந்தான், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. திட்டுவதற்கு நான் ஒன்றும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. என்னடா ஆச்சு என்று மட்டும் கேட்டேன். அவன் சொன்ன பதிலை இங்கே இருக்கும் பெற்றோர்கள் கவனித்துக் கேட்க வேண்டும். "எதை முதல்ல படிக்கறதுன்னு தெரியல தாத்தா. அதனால எதையுமே படிக்கல" என்றான்.

சோம்பேறிப் பையன் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கெமிஸ்ட்ரியில் என் மானத்தைக் காப்பாற்றியவன். ஆறு பாடத்துக்குப் பதில் ஏழு பாடம் என்று வந்தபோது, ஏழாவது மட்டும் தனியாகக் கெடவில்லை. ஒன்றைப் படிக்கும்போது மற்ற ஆறும் துரத்தும். அப்படி எல்லாமே கெட்டுப் போயிற்று.

ஒரு பாடத்தையாவது விலக்கிக்கொள்ளலாமா என்று அலுவலகத்தில் போய்க் கேட்டேன். விலகுவதற்கான கடைசித் தேதி முடிந்து நான்கு நாள் ஆகிவிட்டது என்றார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேசிய தோரணையைக் கேட்டபோது, நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசியிருப்பேனோ என்று தோன்றியது. ஆனால் அவனுடைய ஆலோசகப் பேராசிரியர் ஒரு அம்மாள், தங்கமானவர். மனநல ஆலோசகரிடம் அவரே அழைத்துக்கொண்டு போனார். மருந்து மாத்திரை எதுவும் இல்லை. வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேசினார்கள். நான் பக்கத்தில் ஒரு லாட்ஜில் பன்னிரண்டு நாள் தங்கினேன். மத்தியானம் இரண்டு பேரும் வெளியே போய்ச் சாப்பிடுவோம். ஒரு பாடத்தைப் பற்றியும் பேசவில்லை.

அந்த செமஸ்டர் முடிவில் கணக்கு-2 பாஸ். வேறு இரண்டு பாடங்கள் போயிற்று.

இப்போது 2024 கோடை. இந்தத் தடவை நான் மறு கோடிக்குப் போனேன். இரண்டு பேப்பரையும் கோடையிலேயே எடுத்து முடித்துவிடட்டும், கணக்குத் தீர்ந்துவிடும் என்றேன். பேராசிரியை அம்மாள் சிரித்தார். "சார், நீங்களே பெருக்கிப் பாருங்கள்" என்றார். ஒரு பேப்பர் வாரத்துக்கு 19 மணி என்றால் இரண்டு 37½ மணி. விழுந்து எழுந்தவனுக்கு அது ஓய்வே இல்லாத ஓட்டம். ஒன்றை மட்டும் எடுக்கட்டும், மற்றது அடுத்த ஜனவரியில் என்றார். பரீட்சை முடிந்து கோடைப் பருவம் தொடங்க இடையில் இரண்டு வாரம் இருந்தது. அதில் அவன் வீட்டுக்கு வந்து பாட்டி கையால் வற்றல்குழம்பும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டுத் தூங்கினான். அப்புறம் திரும்பிப் போய்ச் சர்க்யூட் பாடம் ஒன்றை மட்டும் படித்தான். ஒரு பாடம், ஒரு வாத்தியார், இருபத்திரண்டு பையன்கள். கேள்வி கேட்க இடம் இருந்தது என்றான். நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் ஹாஸ்டலில் ஃபேன் காற்று அனலாக வந்ததாம், ஆனாலும் அந்த எட்டு வாரத்தில்தான் படிப்பு பிடிக்கும் என்பது மறுபடி ஞாபகம் வந்தது என்று எழுதியிருந்தான்.

அந்த வருஷமும் நம் குடும்பத்தில் கல்யாணம் ஒன்று இருந்தது. போகாதே என்று நானே சொன்னேன். காரணம் கேளுங்கள். எட்டு வாரத்தில் வேலை நாள் நாற்பது. நாற்பது நாளில் 60 மணி நேர வகுப்பு என்றால் நாளுக்கு ஒன்றரை மணி. வழக்கமான செமஸ்டரில் ஒரு வாரத்துக்கே 4 மணிதான். ஆக, கோடையில் மூன்று நாள் கல்யாணத்துக்குப் போனால் 4½ மணி, அதாவது செமஸ்டர் கணக்கில் ஒரு வாரத்துக்கும் மேலான பாடம் போய்விடும். நிச்சயதார்த்தம், கல்யாணம், கட்டுச்சாதக் கூடை என்று நாம் ஒரு வாரம் இழுப்போம். நம்மவர்கள் முகூர்த்தம் எல்லாம் வைகாசியிலும் ஆனியிலும்தான் வரும், கோடைப் பருவமும் சரியாக அப்போதுதான் வரும். ஆகவே பையனோ பெண்ணோ கோடை வகுப்பில் சேர்ந்தால், முதலில் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் "அவன் வர மாட்டான், படிக்கிறான்" என்று சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். எனக்கு அது ஒரு வருஷம் தாமதமாக வந்தது.

எல்லாப் பாடத்தையும் கோடையில் படிக்கலாமா என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், உங்கள் பிள்ளைகளின் வாத்தியார்கள் வேறு சொன்னால் அவர்களைக் கேளுங்கள். கணக்கு, தினமும் நாலு பிராப்ளம் போட்டால் ஏறும். மற்ற எதுவும் குறுக்கிடாத கோடை அதற்கு ரொம்பப் பொருத்தம். ஒரு மொழிப் பாடம், பொருளாதாரம், இந்த மாதிரி விருப்பப் பாடங்களும் சரி. ஆய்வுக்கூடம் நிறைந்த பாடங்களை நான் கோடையில் எடுக்கச் சொல்ல மாட்டேன். நான் கெமிஸ்ட்ரிக்காரன். ஒரு வீழ்படிவு வடிந்து, காய்ந்து, எடை நிலைப்படுவதற்கு ஆகும் நேரத்தை எந்தப் பல்கலைக்கழகமும் பாதியாகக் குறைக்க முடியாது. பிராஜெக்ட் வகையும் அப்படித்தான், ஊற வேண்டும்.

எந்தக் கோடை என்பதும் முக்கியம். பொறியியலில் மூன்றாம் வருஷம் முடிந்த கோடையில்தான் கம்பெனிகளில் பயிற்சிக்குப் போவார்கள். வேலைக்கு அது அவசியம். ஆகவே வகுப்பு எடுப்பதானால் முதல் கோடை, இல்லாவிட்டால் இரண்டாவது கோடை. முதலாவதில் விட்ட எனக்கு இரண்டாவது கிடைத்தது. மூன்றாவது வரைக்கும் போயிருந்தால் பயிற்சியா பாடமா என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்போம்.

இது எல்லாக் கல்லூரியிலும் உண்டா? இல்லை. ஐ.ஐ.டி.க்கள் பலவற்றிலும், பிலானி பிட்ஸ் போன்ற இடங்களிலும் கோடைப் பருவம் பழைய வழக்கம். விதிகள் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் தோற்ற பாடத்தை மட்டும் எடுக்கலாம், சில இடங்களில் புதுப் பாடமும் எடுக்கலாம். நான் சொன்ன 2022 யு.ஜி.சி. கட்டமைப்பில், கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் எட்டு வாரக் கோடைப் பருவம் பேசப்பட்டிருக்கிறது. பயிற்சிக்காக மட்டும் இல்லை, கூடுதல் பாடம் படிக்கவும் பாக்கியை முடிக்கவும் வழக்கமான பாடங்களைக் கோடையில் வேகமாக நடத்தலாம் என்றும் இருக்கிறது. ஆனால் எந்தப் பாடம் நடத்துவது என்பதை ஆசிரியர் இருப்பையும் மாணவர் எண்ணிக்கையையும் பார்த்துக் கல்லூரியே முடிவு செய்யும். 'நடத்தலாம்' என்ற வார்த்தையின் அருமை அரசாங்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். பத்துப் பிள்ளைகள் சேர்ந்து மார்ச்சிலேயே எழுதிக் கொடுத்தால் நடத்தினாலும் நடத்துவார்கள். ஒருவர் மே மாதம் போய்க் கேட்டால் நடக்காது.

கோடைப் பருவமே இல்லாத கல்லூரிகளில் படிக்கும் குழந்தைகள்தான் நம் சங்கத்தில் அதிகம். அவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003 முதல் நடத்தி வரும் என்.பி.டி.இ.எல். பாடங்கள். வீடியோக்கள் இலவசம். ஜூலையில் வரப் போகும் பாடங்களில் எது கடினமோ, அதன் முதல் பத்து வகுப்புகளை ஜூனில் பார்த்து வைத்துக்கொண்டால் கிரெடிட் வராது, ஆனால் செமஸ்டரில் மூச்சு விட நேரம் வரும். 'ஸ்வயம்' மூலம் கிரெடிட்டே வாங்கலாம். 2021 விதிகளின்படி ஒரு செமஸ்டர் பாடத்தில் 40 சதவீதம் வரை கல்லூரி ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதன் பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குபவை, கோடையில் வந்து பொருந்தாது. கல்லூரியின் ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும்.

மற்றொன்று, 2024 நவம்பரில் யு.ஜி.சி. அறிவித்த நீட்டிக்கப்பட்ட பட்டப் படிப்பு. செமஸ்டருக்குக் குறைவான பாடம் எடுத்து, இரண்டு செமஸ்டர் வரை அதிகம் எடுத்துக்கொண்டு, அதே மொத்தக் கிரெடிட்டை முடிக்கலாம். வேலைக்கும் மேல்படிப்புக்கும் சமமான பட்டம்தான். உடம்பு சரியில்லாத குழந்தைகளுக்கும், வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ள வேண்டிய குழந்தைகளுக்கும் இது ஒரு வழி. இதைச் சொல்லும்போது எதிர் வரிசையில் ஒரு மாமா முகம் சுளிக்கிறார். 2023இல் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அமெரிக்காவில் பேரன் பேத்தி உள்ளவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அங்கே இது சர்வ சாதாரணம். ஹார்வர்டில் கோடைப் பள்ளி தொடங்கியது 1871இல். சிகாகோ பல்கலைக்கழகம் 1892இல் வகுப்புகள் தொடங்கியபோதே வருஷத்தை நான்காகப் பிரித்து, கோடையையும் ஒரு முழுப் பருவமாக வைத்தது. அங்கே பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட். நான்கு வருஷத்தில் முடிக்க வருஷத்துக்கு 30, செமஸ்டருக்கு 15. முழுநேர மாணவர் என்று கொள்ள 12 போதும். ஆகவே 12, 12, கோடையில் 6 என்று எடுத்தாலும் 30 வந்துவிடுகிறது. பகுதிநேர வேலை செய்துகொண்டு படிக்கும் பிள்ளைகள் இப்படித்தான் செய்கிறார்கள். அதிலும் கெட்டிக்காரர்கள், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் குறைந்த கட்டணத்தில் கோடைப் பாடத்தை முடித்து அந்தக் கிரெடிட்டைத் தங்கள் கல்லூரிக்கு மாற்றிக்கொள்கிறார்கள். மாற்ற முடியுமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளாமல் சேர்ந்தால் பணம் போகும்.

பேரன் கதையை விட்ட இடத்துக்கு வருகிறேன். ஐந்தாவது செமஸ்டர், 2024 ஜூலை. கோடையில் ஒன்றை முடித்துவிட்டதாலும், பேராசிரியை ஒரு விருப்பப் பாடத்தைக் கடைசி வருஷத்துக்கு ஒத்திப் போட்டதாலும், அந்த செமஸ்டரில் 18 கிரெடிட்தான். இங்கேதான் எங்கள் வீட்டில் இரண்டாவது ரகளை. மாப்பிள்ளை சொன்னார், "நாலு கிரெடிட் இடம் காலியா இருக்கே, கம்ப்யூட்டர் சயன்ஸில் மைனர் போட்டுக்கலாமே, இப்போ எல்லாரும் போடறாளே" என்று. மைனர் என்றால் மேலும் சுமார் 20 கிரெடிட், செமஸ்டருக்கு ஒன்றாக எடுத்து முடிப்பது. என் பெண்ணுக்கும் சபலம். எனக்கும்தான், மறைப்பானேன். பையன் போனில் நிதானமாகச் சொன்னான். "அந்த இடத்தைக் காலி பண்ணத்தானே நான் வெயில்ல உட்கார்ந்து படிச்சேன். திருப்பி ரொப்பறதுக்கா?"

நான் உடனே மாப்பிள்ளையிடம் பேசினேன். மாமனார் சொல்லை அவர் ஒரு தடவை கேட்டு நஷ்டப்பட்டது போதும் என்றாலும், இந்தத் தடவை கேட்டுக்கொண்டார். மைனர் போடவில்லை. அந்தக் காலி நேரத்தில் பையன் சாயங்காலம் பாட்மிண்டன் ஆடினான், ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் பாட்டிக்குப் போன் செய்தான். சிக்னல்ஸ் பாடத்தில் நல்ல கிரேடு வாங்கினான். போன இரண்டில் மற்றதை 2025 ஜனவரி செமஸ்டரில் எழுதி முடித்தான். அந்தக் கோடையில் எல்லாரையும் போலப் பயிற்சிக்கும் போய்விட்டு வந்தான்.

ஆனால் சங்கிலி நகர்ந்தது நகர்ந்ததுதான். எட்டு செமஸ்டரில் முடிய வேண்டியது அவனுக்கு ஒன்பது ஆகிறது. போன மாதம் ஒரு சீமந்தத்தில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கேட்டார், "பையன் மே மாசம் முடிக்கறானா?" என்று. "இல்லை, டிசம்பர்" என்றேன். ஏன் என்றார். முதல் வருஷக் கோடையில் படிக்க வேண்டிய ஒரு பாடத்தை நான் படிக்க விடவில்லை, அதனால் என்று சொன்னேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, பாயசம் வந்துவிட்டது.

முதல் வருஷம், இரண்டாம் வருஷம் படிக்கும் பிள்ளைகள் இங்கே ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். கோடைப் பருவ அறிவிப்பு பெரும்பாலும் ஏப்ரலில் வரும். சேருவதற்கு நாலைந்து நாள்தான் கொடுப்பார்கள். உங்கள் பாடப் பட்டியலையும் கிரெடிட் கணக்கையும் கொண்டு வந்திருந்தால், வெளியே காப்பி கொடுக்கிறார்கள், அங்கே என்னிடம் காட்டுங்கள். கண்ணாடியும் பென்சிலும் கையோடு கொண்டு வந்திருக்கிறேன், சேர்ந்து பெருக்கிப் பார்க்கலாம்.